பிரேக் கரி

அந்தமானில் மொழியியல் ஆய்வு செய்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்கிறார்கள். ஜாரவாக்களைப் பார்த்தீர்களா என்பது முதலாவது. போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூதாட்டி 2010-இல் இறந்துபோனாரே, அந்த மொழியைப் பற்றியதா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய அந்தமானிய மொழிகளைப் பற்றிப் பேராசிரியர் அன்விதா அப்பி போன்றோர் செய்த பணி வேறு. நான் ஆய்வது இங்கே குடியேறிய தமிழர்களின் பேச்சு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள்தொகை ஏறக்குறைய 3.8 இலட்சம், அதில் நூற்றுக்கு 15 பேரின் தாய்மொழி தமிழ். வங்காளமும் தெலுங்கும் மலையாளமும் அந்தமான் இந்தியும் ஒரே தெருவில் புழங்கும் ஊரில் அந்தத் தமிழ் எவ்வாறு மாறுகிறது என்பதே என் ஆய்வுக் கேள்வி. ஆனால் இந்தப் பதிவு அதைப் பற்றியதும் அன்று. ஒரு காரின் சக்கரத்தை நான் பாழாக்கிய கதை இது.

போர்ட் பிளேரில், ஜங்லிகாட் பகுதியில் ஒரு வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருக்கிறேன். 2024 செப்டம்பரிலிருந்து நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். தெருப் பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான். கீழ்வீட்டில் வீட்டுக்காரர் குடும்பம். அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் அழைக்கிறேன். அண்ணனின் பெற்றோர் இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளர்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டவர்கள். அண்ணன் பிறந்தது கச்சாலில். இருபது வயதுக்குள்ளாகவே போர்ட் பிளேருக்கு வந்து லாரியில் கிளீனராகச் சேர்ந்துவிட்டார். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கச்சாலை அடித்தபோது இங்கே ஒரு லாரியின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாராம். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இப்போது அவரிடம் சொந்தமாக ஒரு டாக்ஸி இருக்கிறது. தவணை இன்னும் முடியவில்லை. சுற்றுலாப் பருவத்தில் வாரத்துக்கு மூன்று நான்கு முறை பாராட்டாங் சவாரி கிடைக்கும். அதிகாலை மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும் என்பதை அவர் ‘சாடே தீனுக்குக் கிளம்பணும்’ என்பார். மணிக்கணக்கு அவர் வாயில் இந்தியிலும் பணக்கணக்கு தமிழிலும் வரும். இந்த வேறுபாட்டைப் பற்றி என் ஆய்வேட்டில் ஓர் இயலே உண்டு.

பாராட்டாங் சவாரியின் வழியைச் சொல்லாமல் சக்கரத்தின் கதையைச் சொல்ல முடியாது. அந்தமான் டிரங்க் ரோடு ஜிர்காட்டாங் சோதனைச்சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் வரை ஜாரவாக்களின் காப்பகத்தினூடாகச் செல்கிறது. அங்கே வண்டிகள் தனித்தனியாகப் போக முடியாது. குறித்த நேரத்தில் காவலர் துணையுடன் கான்வாயாகத்தான் விடுவார்கள். இடையில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. இந்தச் சாலை அங்கே இருக்கத்தான் வேண்டுமா என்பது பழைய வழக்கு. 2002-இலேயே உச்ச நீதிமன்றம் இதன் சில பகுதிகளை மூட ஆணையிட்டது. அந்த விவாதத்தை இங்கே தொடங்கவில்லை. ஓட்டுநரின் காலுக்கு அந்தப் பாதை என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். ஏற்ற இறக்கமும் வளைவுமான பாதை. முன்னால் போகும் வண்டி பிரேக் போட்டால் பின்னால் வரிசையாக அத்தனை வண்டிகளும் போட வேண்டும். வரிசையின் கடைசி வண்டிக்குக் கால் பிரேக்கை விட்டு எழவே எழாது என்கிறார் அண்ணன்.

மாலையில் வண்டி வீடு திரும்பும்போது, காலையில் வெள்ளியாக மின்னிய முன்சக்கரங்கள் இரண்டும் கருத்துப்போயிருக்கும். பின்சக்கரங்களில் அவ்வளவு இராது. தொட்டால் விரலில் ஒட்டும். வெறும் நீருக்குப் போகாது. அண்ணன் இதைப் ‘பிரேக் கரி’ என்பார்.

எரிந்து மிஞ்சுவதுதான் கரி என்று நான் முதலில் அந்தச் சொல்லைப் பிழையாகக் குறித்துக்கொண்டேன். பிறகு படித்தபோது அது அவ்வளவு பிழையில்லை என்று தெரிந்தது. ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் எடையுள்ள ஒரு கார் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுவதும் நிற்கும்போது, அதன் இயக்க ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. ஒருமுறை நிற்பதில் வெளிப்படும் வெப்பம், ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அந்த வெப்பமும் உராய்வும் சேர்ந்து பேடையும் டிஸ்க்கையும் தேய்க்கின்றன. டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. பேடில் பிசின், எஃகு இழை, கிராஃபைட், பேரைட் எனப் பலவும் கலந்திருக்கும். சிலவற்றில் செம்பும் இருக்கும். எனவே பிரேக் தூளில் கருகிய பிசினும் இருக்கிறது, இரும்பும் நிறைய இருக்கிறது. பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் பெரும்பகுதி வேலையை முன்சக்கரங்களே செய்கின்றன. அண்ணனின் வண்டியில் பின்சக்கரப் பிரேக் டிரம் வகை என்பதால் அங்கே தேயும் தூள் டிரம்முக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பின்சக்கரம் சுத்தமாக இருப்பது தூள் இல்லாததால் அன்று, தூள் உள்ளே இருப்பதால். இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

கடந்த பிப்ரவரியில் ஒரு நாள் அண்ணன் காய்ச்சலோடு வந்து வண்டியை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாளும் அதிகாலைச் சவாரி இருந்தது. மூன்று மாதங்களாக அந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்; அண்ணி ஒரு நாளும் கணக்கு வைத்ததில்லை. வண்டியையாவது கழுவி வைக்கலாம் என்று இறங்கினேன். உடம்பைக் கழுவியாயிற்று. சக்கரக் கரி சோப்புக்கு அசையவில்லை. குளியலறையில் தரை கழுவும் ஆசிட் இருந்தது. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் சமையலறையில் இருந்தது. சக்கரம் இன்னும் சூடாக இருந்தது. ஆசிட்டை ஊற்றியதும் நுரைத்துக்கொண்டு கரி இறங்கியது. அந்தக் காட்சியில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. இரண்டு முன்சக்கரங்களையும் தேய்த்து முடித்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு உறங்கப் போனேன்.

மூன்று மணிக்கு அண்ணி வந்து கதவைத் தட்டினார். கீழே அண்ணன் கைவிளக்கோடு சக்கரத்தின் முன் குந்தியிருந்தார். சக்கரத்தின் மேல் சுண்ணாம்பு வழிந்து காய்ந்தது போல வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். நடுவில் இரும்பு நாரின் வட்ட வட்டமான கீறல்கள். நான் குப்பிக்கூடையிலிருந்து ஆசிட் புட்டியை எடுத்துக் காட்டினேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

“ஏம்மா, இது கக்கூசுக்கு ஊத்துறதுல்ல?”

அவ்வளவுதான் கேட்டார். பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. சக்கரத்தின் அழகைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் டிஸ்க்கிலும் காலிப்பரிலும் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினார். சக்கர இடுக்கில் விளக்கை விட்டு ரப்பர் உறைகளைப் பார்த்தார். வண்டியை எடுத்துத் தெரு இறக்கத்தில் நாலைந்து முறை பிரேக் போட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, “பிரேக் நல்லாத்தான் இருக்கு. நீ போய்த் தூங்கு” என்றார். அன்று அந்த வண்டியில் ஏறவிருந்தவர்கள் ஒரு குடும்பம், கைக்குழந்தையும் இருந்தது. நான் அழுக்கை மட்டுமே பார்த்திருந்தேன். அவர் பிரேக்கைப் பார்த்தார்.

அந்தப் புட்டியின் மேல் எதற்கு ஊற்ற வேண்டும், எதற்கு ஊற்றக் கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. இரண்டு பட்டங்கள் பெற்ற நான் படிக்கவில்லை. ஆங்கிலம் படிக்கத் தெரியாத அவர் முகர்ந்து தெரிந்துகொண்டார்.

வேதியியல் எளிமையானதுதான். அலாய் வீல் என்பது அலுமினியக் கலவை. அலுமினியம் தன் மேல் தானே ஓர் ஆக்சைடு மென்படலத்தை உண்டாக்கிக்கொண்டு அதனால் காப்பாற்றப்படுகிறது. அமிலமும் சரி, கடுங்காரமும் சரி, இரண்டுமே அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். சக்கரத்தில் அதற்குமேல் கண்ணாடி போன்ற ஒரு பூச்சும் உண்டு. இரும்பு நார் அந்தப் பூச்சைக் கீறி வழிவிட, ஆசிட் உள்ளே இறங்கியது. சூடு அதை விரைவுபடுத்தியது. மூன்று தவறுகளையும் ஒரே மாலையில் செய்திருந்தேன்.

கரி ஏன் சோப்புக்குப் போகவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. டிஸ்க்கிலிருந்து தெறிக்கும் இரும்புத் துகள்கள் சூடாகவே போய்ப் பூச்சில் பதிகின்றன. இந்த ஊரின் உப்புக்காற்றில் அவை விரைவிலேயே துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் பூச்சை உள்ளிருந்தே பெயர்க்கும். ஆகவே சக்கரத்தைக் கழுவுவது வெறும் ஒப்பனை அன்று. தள்ளிப்போட்டால் செலவுதான். ஆனால் முறையாகக் கழுவ வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனே என்னைக் கூப்பிட்டார். மன்னிப்பையும் பணத்தையும் வாங்க மறுத்தவர், “கத்துக்கிட்டுப் போ” என்றார். அவர் சொல்லித் தந்தவற்றை என் குறிப்பேட்டிலிருந்து தருகிறேன், யாருக்காவது உதவலாம்.

“சூட்டுல தண்ணி ஊத்தாத. கைய வச்சுப் பாரு. கை நின்னா கழுவு. நிக்கலையா, போய் ஒரு டீ குடிச்சிட்டு வா.” இதுவே முதல் விதி. இரண்டாவது, வண்டியின் உடம்புக்கு முன்பே சக்கரத்தைக் கழுவிவிட வேண்டும். பிறகு கழுவினால் கரித்தண்ணீர் தெறித்து மறுபடி உடம்பு அழுக்காகும். சக்கரத்துக்கென்று தனி வாளி, தனித் துணி. இரும்புத்தூள் ஒட்டிய துணியால் கதவைத் துடைத்தால் பெயிண்ட் கீறும். முதலில் வெறும் நீரால் மேலுள்ள மணலையும் தூளையும் இறக்க வேண்டும். அதன் பிறகுதான் துணி படலாம். அமிலமும் காரமும் இல்லாத கார் ஷாம்பூவும், பெயிண்ட் அடிக்கும் பழைய மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். நட்டுகளைச் சுற்றியும் கம்பிகளுக்குப் பின்னாலும் உள்வட்டத்திலும் பிரஷ் போக வேண்டும். ஒரு சக்கரத்தை முடித்து அலசிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். நான்கிலும் நுரையைப் பூசிவிட்டு வந்தால் முதலாவது காய்ந்து திட்டாகிவிடும். துடைத்து ஈரம் எடுத்தபின் மெல்லிய மெழுகு பூசினால் அடுத்த முறை கரி எளிதில் இறங்கும். ஆனால் மெழுகோ எண்ணெயோ டிஸ்க்கில் ஒரு துளியும் படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது. கடைசியாக, கழுவியதும் வண்டியை அப்படியே நிறுத்திவிடாமல் தெருமுனை வரை மெதுவாக ஓட்டி இரண்டு முறை பிரேக் போட்டு டிஸ்க்கை உலர்த்த வேண்டும்.

பதிந்துபோன இரும்புக்குத் தனி மருந்து உண்டு. அதில் பெரும்பாலும் தயோகிளைகோலேட் என்ற சேர்மம் இருக்கும். இரும்போடு வினைபுரிந்து சக்கரம் முழுவதும் ஊதா நிறமாக வழியும். அழுகிய முட்டையை நினைவூட்டும் நாற்றம். கையுறையோடு, திறந்த வெளியில், காய்வதற்குள் அலசிவிட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறைக்குமேல் வேண்டியதில்லை. சில நாடுகளில் சக்கரம் கழுவ விற்கும் திரவங்களில் ஃபுளோரைடு அமிலங்களும் இருக்கின்றன. அவை தோல் வழியே உள்ளிறங்கி உயிருக்கே ஆபத்தாகக் கூடியவை. ‘நொடியில் பளபளப்பு’ என்று சொல்லும் எதையும் நான் இப்போது அண்ணனைப் போல் முதலில் சந்தேகிக்கிறேன். முகர்ந்து பார்ப்பதில்லை, அச்சிட்டிருப்பதைப் படிக்கிறேன்.

அண்ணன் இதற்கெல்லாம் செலவிடும் தண்ணீர் இரண்டு வாளி. ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. ஆனாலும் கோடையில் தனிக்காரி அணை வற்றும்போது குழாயில் சில நாள்களுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். கூரையிலிருந்து பிடித்த மழைநீர்தான் வண்டிக்கு. கழுவிய நீரை அவர் சாக்கடையில் விடுவதில்லை. இங்கே சாக்கடை போய்ச் சேருமிடம் கடல். கூப்பிடு தூரத்தில் மீன் இறங்குதுறை. வாழையடியில் ஊற்றாமல் மூலையிலுள்ள மணற்குழியில் ஊற்றுவார். ஏன் என்று கேட்டேன். “அது இரும்புத் தண்ணிம்மா, எதுக்கு மீனுக்குக் குடுக்கணும்?” என்றார். 2010-இல் கலிபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் பிரேக் பேடில் செம்பைக் குறைக்கச் சட்டம் இயற்றியதன் காரணமும் ஏறக்குறைய இதுவே. மழையில் சாலையிலிருந்து அடித்துச் செல்லப்படும் செம்பு நீர்நிலைகளுக்குப் போய், சால்மன் மீன்களின் மோப்ப உணர்வைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டின. 2025-க்குள் பேடின் எடையில் செம்பு 0.5 விழுக்காட்டுக்குக் கீழே வர வேண்டும் என்று விதித்தார்கள்.

ஐரோப்பா இப்போது காற்றில் கலக்கும் பிரேக் தூளுக்கே வரம்பு வைத்துவிட்டது. யூரோ 7 விதிப்படி, 2026 நவம்பர் முதல் வரும் புதிய வகைப் பெட்ரோல், டீசல் கார்கள் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராமுக்குமேல் நுண்தூளைப் பிரேக்கிலிருந்து வெளியிடக் கூடாது. மின்கார்களுக்கு 3 மில்லிகிராம். அந்த விதி அண்ணனின் வண்டிக்குப் பொருந்தாது. இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாராட்டாங் போய்வர ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அந்த வரம்புக்குள்ளேயே நின்றாலும் ஒரு நாளைக்கு 1.4 கிராம். ஒரு சிட்டிகைதான். ஆனால் கான்வாயில் அவர் வண்டி மட்டும் போவதில்லை.

கதையின் அடுத்த பகுதி ஒர்க்‌ஷாப்பில் நடந்தது. சக்கரங்களை உரசிப் புதிதாகப் பூச்சுப் பூச அங்கே கொண்டுபோனோம். உரிமையாளர் வங்காளி, எல்லோருக்கும் அவர் ‘தாதா’. அங்கே ஒரு பையன் வேலை செய்கிறான். பத்தொன்பது வயதிருக்கும். பல தலைமுறைக்கு முன் சோட்டா நாக்பூரிலிருந்து கூலி வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ராஞ்சிக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவன். ஒரு சரக்கு வண்டியின் பின்சக்கர டிரம்மைக் கழற்றி, கம்ப்ரசர் குழாயை உள்ளே விட்டு அடித்தான். கரும்புகை போல எழுந்தது. முகத்தைக்கூடத் திருப்பவில்லை. டிரம்முக்குள் தங்கிவிடும் தூள் என்று மேலே எழுதினேன் அல்லவா, அதுதான் அது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. பிரேக் லைனர்களில் நெடுங்காலம் கல்நார் பயன்பட்டது. வெப்பம் தாங்கும், மலிவு. அதன் நுண்ணிழை நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நோய் தெரியவே இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலிருந்து முழுவதும் தடைசெய்தது. அமெரிக்கா வெண்கல்நாருக்கான தடையை 2024 மார்ச்சில்தான் இறுதியாக்கியது. கல்நார் இல்லாத லைனர்கள் இப்போது நிறையவே கிடைக்கின்றன. சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா முதலாகத் தமிழ்நாடு இந்தத் தொழிலுக்குப் பெயர்பெற்ற இடம். இங்கே வரும் உதிரிபாகங்களில் பல சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வருபவை. ஆனால் கழற்றிய பழைய லைனர் எந்த வகை, எந்த ஆண்டு என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியாதபோது இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இதை நான் அண்ணனிடம் தமிழில் சொன்னேன். “அதுல கல்நார் இருக்கலாம் அண்ணே.”

“நார்னா? தேங்கா நாரா?”

‘கல்நார்’ நல்ல சொல். கல்லும் நாருமாகப் பொருளையே கண்முன் வைக்கும் சொல். பாடப்புத்தகத்தில் நான் படித்தது. அந்த ஒர்க்‌ஷாப்பில் அது எவரையும் எச்சரிக்கவில்லை. ‘ஆஸ்பெஸ்டாஸ்’ என்றேன். தாதா மேலே கூரையைக் காட்டினார். நாற்பது வருடமாக அதன் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன், என்ன ஆயிற்று என்று அந்தமான் இந்தியில் கேட்டார். பையன் சிரித்தான். புற்றுநோய் என்றேன். அது எல்லாவற்றுக்கும் எல்லோரும் சொல்வது. மொழித்தொடர்பு பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு, மூன்று மொழிகள் பேசும் ஓர் அறையில் ஒரு முக்கியமான செய்தியைச் சொல்ல ஒரு சொல்லும் இல்லை.

அப்போது அண்ணன் எழுந்து போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். சாய்ந்த வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. பையன் அடித்து முடித்து நெடுநேரம் ஆகியிருந்தது. தூள் முழுவதும் தரையில் படிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தோம். அந்த வெயில் பட்டைக்குள் அது அப்படியே மிதந்துகொண்டிருந்தது. தாதாவின் தேநீர்க் குவளையின் மேலும் மிதந்தது. அண்ணன் இந்தியில் பையனிடம், தான் கிளீனராக இருந்த எட்டு வருடமும் இதே தூளை வாயால் ஊதியதையும், இரவில் துப்பினால் கறுப்பாக வந்ததையும் சொன்னார். பையன் சிரிப்பதை நிறுத்தி, தனக்கும் அப்படித்தான் வருகிறது என்றான்.

‘கிளீனர்’ என்ற சொல்லைப் பற்றி நான் முன்பே குறிப்பு எழுதியிருந்தேன். தமிழில் அது ஓட்டுநரின் உதவியாளைக் குறிக்கும் தொழிற்பெயராகி, சுத்தம் செய்பவர் என்ற பொருள் பின்னுக்குப் போய்விட்டது என்று. அன்று மாலை அந்தக் குறிப்பைத் திருத்தினேன். அண்ணனின் வாழ்க்கையில் அந்தப் பொருள் பின்னுக்குப் போகவே இல்லை.

செய்ய வேண்டியது எளிது. காற்றடிக்காமல் ஈரமாகத் துடைக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து இணைக்குமேல் பிரேக் வேலை செய்யாத சிறு பட்டறைகளுக்கு அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதிகளே இதை ஒரு முறையாக அனுமதிக்கின்றன. சோப்புக் கலந்த நீரைத் தெளிப்பானில் மெதுவாகத் தெளித்து, தூள் நனைந்ததும் துணியால் வழித்து, அந்தத் துணியை ஈரம் காயுமுன் உறையில் கட்டிப் போட்டுவிட வேண்டும். தாதா நேரம் ஆகும் என்றார், டிரம் துருப்பிடிக்கும் என்றார். அண்ணன், “நான் வர்ற வண்டிக்கெல்லாம் நீங்க இப்படித்தான் செய்யணும், அந்த நேரத்துக்குக் காசு தர்றேன்” என்று இந்தியில் சொன்னார். ஒரு டாக்ஸிக்காரரின் சொல்லால் பட்டறையின் வழக்கம் மாறிவிடாது. ஆனால் பையன் செடிக்குத் தெளிக்கும் ஒரு புட்டியை வாங்கி வைத்துக்கொண்டான். நான் கடைசியாகப் பார்த்தபோது அதில் சோப்புநீர் இருந்தது. மற்ற நாள்களில் என்ன செய்கிறான் என்பதற்கு நான் சாட்சியில்லை.

அண்ணனை அண்ணியும் நானுமாக வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று நெஞ்சுப் படம் எடுத்தோம். படத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். அண்ணி கோயிலுக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தினார். படம் இன்றைய நிலையை மட்டுமே சொல்லும் என்பதை மருத்துவர் அண்ணனிடம் சொன்னார். ஆண்டுக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். போவார் என்று நம்புகிறேன்.

சக்கரங்களின் செலவு என் உதவித்தொகையில் கணிசமான பங்கு. அண்ணன் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார், அதையும் இரண்டு தவணையாக. பூச்சு முடிவதற்கு முன்பே சவாரி ஏற்பாடு செய்பவர் வண்டி பழையதாகத் தெரிகிறது என்று இரண்டு சவாரிகளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்த இழப்பைப் பற்றி அண்ணன் எனக்குச் சொல்லவில்லை. அண்ணி ஒரு பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முன்சக்கரங்கள் இரண்டும் என் பொறுப்பு. உண்மையைச் சொன்னால், ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்து நான் எடுத்த நேர்காணல்களைவிட, வாளியின் இருபுறமும் குந்திக்கொண்டு பேசிய பேச்சில்தான் அண்ணனின் தமிழ் தன்னியல்பாக வருகிறது. வில்லியம் லபோவ் இந்தச் சிக்கலைப் பற்றி எழுதியதை நாம் எல்லோரும் தேர்வுக்குப் படித்திருக்கிறோம்: கவனிக்கப்படாதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை நாம் கவனித்துத்தான் அறிய முடியும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கருவியை எடுத்துச் செல்வதில்லை. கை ஈரம் என்பது ஒரு காரணம். கேட்டதையெல்லாம் தரவாக்கிக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை என்பது மற்றொன்று. இந்தப் பதிவை எழுதலாமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். “பேரு வேணாம், வண்டி நம்பர் வேணாம். ஆசிட் ஊத்துனத கண்டிப்பா எழுது” என்றார்.

1888-இல் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குக் காரில் போன பயணத்தை அண்ணனிடம் ஒருநாள் சொன்னேன். அதுவும் ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான், இங்கிருந்து பாராட்டாங் போல. இறக்கங்களில் மரக்கட்டைப் பிரேக் தேய்ந்துபோக, வழியில் ஒரு செருப்புத் தொழிலாளியிடம் நிறுத்தித் தோல் வைத்துத் தைத்துக்கொண்டு போனார் அந்த அம்மையார். அண்ணன் பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டுச் சற்று யோசித்தார்.

“தோல்னா தூள் கம்மியாத்தான் வந்திருக்கும். நாத்தம்தான் தாங்கியிருக்காது” என்றார்.

நாளை அதிகாலை வண்டி மறுபடி பாராட்டாங் போகிறது. மாலையில் திரும்பியதும், கை வைத்துப் பார்த்து, சூடு ஆறிய பிறகு கழுவ வேண்டும். களப்பணிக்குச் செல்லும் நண்பர்களே, தங்கியிருக்கும் வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், தாராளமாகச் செய்யுங்கள். எப்படிச் செய்வது என்று அந்த வீட்டாரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.